நீ எடுக்காமல் போன லீவு

என் பக்கத்து நாற்காலிக்காரி அம்சாவுக்கு,

அடியே, எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். அதைக் கேட்காமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தொல்லை, நீ வாயைத் திறப்பதற்குள் நானே குறுக்கே புகுந்துவிடுகிறேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று உட்கார்ந்தேன். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாயிற்று.

சேதி இதுதான். நான் முழுகாமல் இருக்கிறேன். ஆறாவது மாசம். கல்யாணம் ஆகி வருஷக்கணக்காக ஒன்றும் தங்கவில்லையே என்று நான் மூக்கைச் சிந்தும்போதெல்லாம், "உன் லைன் எங்கேஜ்டா இருக்குதுடி, வெயிட் பண்ணு, கெடைக்கும்" என்பாயே, கிடைத்துவிட்டது. நீ இருந்திருந்தால் டெலிபோன் ஆபீசில் 'நம்பர் ப்ளீஸ்' என்று கேட்கிற ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் லைன் கொடுத்திருப்பாய்.

சந்தோஷம்தான். சந்தோஷப்படத்தான் விடமாட்டேன் என்கிறார்கள். லீவு எவ்வளவு, என்றைக்கிலிருந்து என்று இந்த மாசக் கடைசிக்குள் சூப்பர்வைசரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் எனக்குப் பதிலாகச் செங்கல்பட்டிலிருந்து ஒரு பெண்ணை வரவழைக்க முடியுமாம். சம்பளத்தோடு மூன்று மாசம். அதில் பிரசவத்துக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பிரித்துக்கொள்வது நம் பாடு. அதற்கு மேலே வேண்டுமானால் எடுக்கலாம், சம்பளம் கிடையாது. உனக்குத் தெரியாததா? இந்த விதியை எனக்கு விளக்கிச் சொன்னதே நீதானே.

அம்மா கூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். "ஆடி பொறக்கறதுக்குள்ள வளையல் போட்டு இட்டுக்கினு போயிடறேன். தலைப்பிரசவம், தாய் வூட்லதான்" என்றாள். வந்ததும் வராததுமாக என் டிரங்குப் பெட்டியை வேறு இழுத்து வெளியே வைத்துவிட்டாள்.

"இப்பவே வந்துட்டா, கொழந்த பொறக்கற அன்னிக்கு லீவு தீந்துடும்மா. மறுநாள் நான் டெலிபோன் போர்டுல வந்து ஒக்காரணும்" என்றேன்.

"உங்க ஆபீசருக்கு அம்மா இல்லியா? இருந்தா அந்தம்மாகிட்ட நான் பேசறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவள் இழுத்தாள். இப்போது அது பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடக்கிறது, என்னைப் போல.

இவரைக் கேட்டால், "உன் இஷ்டம்." வாலாஜாபாத் அரிசி மில்லில் ஆள் படையை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் இந்த இரண்டு வார்த்தைதான். சாம்பாரா ரசமா என்றாலும் உன் இஷ்டம். பிள்ளை பெற எப்போது லீவு போடலாம் என்றாலும் உன் இஷ்டம். இஷ்டத்தில் பாதியாவது அவருடையதாக இருக்க வேண்டாமா, நீயே சொல்.

ஆபீசில் ஸ்டெல்லா அக்கா என்ன சொல்கிறாள் தெரியுமா? "அம்சா பண்ண மாதிரி பண்ணாதடி." சூப்பர்வைசரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். அவருக்குத்தான் பிரசவம் என்ற வார்த்தையே வாயில் வராதே. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அந்த லீவை முன்னாடியே எடுத்துடும்மா. அம்சவேணி விஷயம் நமக்கெல்லாம் ஒரு பாடம்" என்றார். எல்லாரும் எனக்கு நல்லதுதான் நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஆபீசில் உன் பேரை இப்போது எச்சரிக்கைக்குத்தான் எடுக்கிறார்கள் அம்சா. அதைக் கேட்கும்போது ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்று இருக்கிறது.

நீ என்ன அப்படிப் பெரிய குற்றம் செய்தாய்? மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஒரு கணக்கைச் சொன்னாய். "வயித்துக்குள்ள இருக்கற வரைக்கும் அது எங்கூடவே ஆபீசுக்கு வருதுடி. டிக்கெட் கெடையாது, பால் கேக்காது, அழாது. வெளிய வந்தப்புறம்தான என்னைத் தேடும்? லீவு அப்பத்தான் வேணும். பொங்கலுக்கு மொதோ நாள் கெளம்பிடுவேன், அப்புறம் இந்த நாற்காலி என் மூஞ்சிய மூணு மாசம் பாக்காது" என்றாய். எல்லாரும் சிரித்தோம். ஸ்டெல்லா அக்கா உன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். "கெட்டிக்காரிடி நீ" என்று சொன்னது அவள்தான். அதே வாய்தான் இப்போது, "மிச்சம் புடிக்கப் பாத்தா, உசுரே போச்சு" என்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்த நாளை நான் மறக்கவில்லை. மார்கழிக் குளிர். காலை ட்யூட்டி. காந்தி ரோடு பட்டுக் கடைக்காரர் ஒருத்தர் பெங்களூருக்கு ட்ரங்க் கால் கேட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். மேல் வரிசை லைன். நீ எழுந்து நின்று கார்டு வயரை மேல் துளையில் செருகி, அவர் பேசத் தொடங்கும்வரை காத்திருந்து, அப்புறம் போர்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாய். "கஸ்தூரி, இத்தப் பாத்துக்கோ" என்று ஹெட்போனைக் கழற்றி அதன் கொக்கியில் ஒழுங்காக மாட்டினாய். சைக்கிள் ரிக்‌ஷாவில் என் கையை நெரித்துக்கொண்டே, "சும்மா வலிடி. இன்னும் ஒரு மாசம் இருக்குது" என்றாய். நானும் நம்பினேன். சாயங்காலம் தேன்மொழி பிறந்தாள். மறுநாள் காலையில் நீ இல்லை.

அந்த நர்ஸ் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், "ரத்தம் நிக்கலம்மா. எவ்ளோவோ பாத்தோம். ரெண்டு மாசம் வூட்ல படுத்துக்கினு இருந்திருந்தாலும் இது வந்துதான் இருக்கும். வேலைக்குப் போனதால வந்ததுன்னு யாராவது சொன்னா நம்பாத." குழந்தையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "மாசம் கொறஞ்சதுன்னு யாரு சொன்னா? நகம் எப்படி வளந்திருக்குது பாரு, முழுசான புள்ள." அப்போது அது என் காதில் விழுந்ததே தவிர மண்டைக்குள் போகவில்லை.

நர்ஸ் சொன்னதை நான் ஆபீசில் சொன்னேன். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, எனக்கே முழுசாக நம்பிக்கை இருந்ததா என்று தெரியவில்லை. காலையில் எழும்போது, அம்சா சொன்ன கணக்குத்தான் சரி, கடைசி வரை வேலைக்குப் போய்விட்டு எல்லா லீவையும் பிறகு எடுப்போம் என்று இருக்கும். போர்டில் போய் உட்கார்ந்தால் வயிறு விளிம்பில் இடிக்கும். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கை எட்டாது. நான் குள்ளம் என்று என் மேல் வரிசையையும் சேர்த்து நீதானே பார்த்தாய்? இப்போது உன் நாற்காலியில் இருக்கிற புதுப்பெண் பாவம், கேட்டால்தான் செய்வாள். உள்ளே ஒரு உதை விழும்போது எனக்கு ரிக்‌ஷாவில் நீ நெரித்த கை ஞாபகம் வரும். உடனே நாளையிலிருந்தே லீவு போட்டுவிடலாம் என்று தோன்றும். வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அதுவும் மாறிவிடும்.

முன்னாலேயே போட்டால் உன்னைப் பற்றி அவர்கள் சொல்வது சரி என்று ஆகிவிடும். கடைசி வரை போனால் பயத்திலேயே செத்துவிடுவேன். இதற்கு நடுவில் மெட்ராஸ் ட்ரெயினிங் வேறு. தை மாசம் ஒருத்தரை அனுப்பப் போகிறார்கள். போய்விட்டு வந்தால் சூப்பர்வைசர் நாற்காலி. உனக்குத்தான் வந்திருக்க வேண்டியது. அடுத்தது நான். நீட்டி லீவு போட்டால் எனக்குப் பின்னால் இருப்பவள் போவாள். பொம்பளை ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆம்பிளைகளை அதட்ட வேண்டும் என்று நீயும் நானும் எத்தனை நாள் பேசிச் சிரித்திருக்கிறோம். அதை எப்படி விடுவது?

இந்த ரோதனையோடுதான் போன வாரம் பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன், தேனுவைப் பார்க்க. மாசத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவேன். போகும்போதே தெரு முழுக்கத் தறிச் சத்தம். உன் வீட்டுக்காரர் ஏகாம்பரம் குழிக்குள் காலை விட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். உன் வீட்டில் எப்போதும் கோர்வைச் சேலைதானே. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் கோர்த்து நெய்ய ஒருத்தர் போதாது. கரை நூல் ஓடுகிற நாடாவைப் போடப் பக்கத்தில் இன்னொருத்தர் வேண்டும். அந்த இடத்தில் உன் மாமியார்தான். இரண்டு பேரில் யார் எழுந்தாலும் தறி நின்றுபோகும்.

தேனுவைத் தறிக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். உன் பழைய சேலை ஒன்றை, அந்தக் கத்தரிப்பூ கலரை, இடுப்பில் சுற்றிக் கம்பத்தோடு முடிச்சுப் போட்டிருந்தது. கோபப்படாதே. கட்டாவிட்டால் தறிக்குழிக்குள் விழுந்துவிடுவாள், அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளையும் அப்படி வளர்ந்ததுதான். உனக்கும் தெரியும். சேலை எட்டுகிற மட்டும் நடந்து வந்து என்னைப் பார்த்தாள். நான் கிட்டே போனதும் என் வளையலைப் பிடித்துத் திருகினாள். மூக்கு உன்னுடையது. கோபம் வந்தால் அதை உறிஞ்சுகிற விதமும் உன்னுடையது.

"இன்னா மாசம்மா உனுக்கு?" என்று கேட்டார் உன் மாமியார், கை நாடாவை விடாமல்.

"ஆறு அத்தை. புரட்டாசிக் கடைசின்னு டாக்டர் சொல்றாங்க."

"டாக்டருங்கோ சொல்றது கெடக்குது. எந்த அமாவாசைக்கு அப்பால குளிக்கறது நின்னுச்சு, அத்தச் சொல்லு."

அமாவாசை அன்றைக்குத் தறிக்கு ஓய்வு, அதனால் அந்த வீட்டில் எல்லாக் கணக்கும் அமாவாசைக் கணக்குத்தான். வீட்டு விலக்கான பெண் தறியைத் தொடக் கூடாது என்பதால் யாருக்கு எப்போது நின்றது என்பதும் உன் மாமியாருக்கு அத்துப்படி. நீயே சொல்லியிருக்கிறாய், "எனக்குத் தேதியெல்லாம் யாருடி பாத்தா, அத்தையைக் கேட்டா கரெக்டா சொல்லும்" என்று. நான் மார்கழி அமாவாசை என்றேன். விரல் ரேகையைத் தொட்டு எண்ணினார்.

"ஐப்பசி அமாவாசை பத்தாவது. அதுக்கு முன்னால பெத்துடுவ. டாக்டர் சொன்னது சரிதான்" என்றார். அப்புறம் தானாகவே சொன்னார். "உனுக்கு நேரா எண்ணிக்கினு போவலாம். அம்சாவுக்குத்தான் ரொம்பக் கொழப்பம். அந்த வருசம் வைகாசில ரெண்டு அமாவாசை வந்துடுச்சி. மலமாசம். ஒரு நல்ல காரியத்துக்கும் ஆவாதது, அத்தப் போயி புள்ளக் கணக்குல எப்படிச் சேக்கறது? ஒண்ண வுட்டுட்டு எண்ணுனேன். தையிலதான் பொறந்திருக்கணும் இது. அவசரக் குடுக்கை, ஒரு மாசம் முந்திக்கினு மார்கழியிலயே வந்துட்டா. அதுதான் அவளை இட்டுக்கினு போயிடுச்சி."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நாடாவைப் போட்டார். புரிகிறதா அம்சா? மலமாசத்து அமாவாசையை ஊர் ஒதுக்கலாம். கல்யாணம் வைக்காமல் இருக்கலாம், கிரகப்பிரவேசம் பண்ணாமல் இருக்கலாம். வயிற்றுக்குள் இருக்கிற குழந்தைக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு அந்த மாசமும் வளர்ந்தது. கணக்கில் மட்டும் ஒரு மாசம் குறைந்துபோயிற்று. தேனு முந்திக்கொண்டு வரவில்லை, தன் நேரத்துக்குத்தான் வந்தாள். நகம் வளர்ந்த முழுப் பிள்ளை என்று நர்ஸ் சொன்னாளே.

நீ லீவை மிச்சம் பிடிக்கவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் போட்டால் பிரசவத்துக்கு முன்னால் போதிய ஓய்வு என்று நினைத்துத்தான் கணக்குப் போட்டாய். இன்னும் ஒரு மாசம் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினாய். அந்த நம்பிக்கையோடுதான் கார்டைச் செருகிக்கொண்டிருந்தாய்.

உன் மாமியாரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அவர் ஒரு கையால் நாடாவைப் போட்டுக்கொண்டே, இன்னொரு கையால் உன் மகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணக்கு சரியாக இருந்து நீ முன்னாலேயே வீட்டில் படுத்திருந்தாலும் அந்த ரத்தம் நின்றிருக்காது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். பிறகு எதற்கு அந்த மனுஷியின் தலையில் இதை ஏற்ற வேண்டும்? நான் செய்தது சரியா? உனக்குச் சரி என்று படுகிறதா?

ஸ்டெல்லா அக்காவை மட்டும் விடவில்லை. மறுநாள் அவள் மறுபடி ஆரம்பித்தபோது ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுச் சொன்னேன். "அக்கா, அவ மிச்சம் புடிக்கல. பொங்கலுக்கு லீவு, தைக் கடைசியில கொழந்தன்னு நெனச்சிக்கினு இருந்தா. நாள் கணக்கு தப்பிப் போச்சி. அவ்ளோதான்."

"யாரு கணக்கு?" என்றாள்.

"யாரு கணக்கா இருந்தா இன்னா. அவ பேராசை இல்ல, அத்த மட்டும் தெரிஞ்சிக்கோ."

அவள் போர்டில் மினுக்கிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், லைனை எடுக்காமல். "நான் எத்தினி பேருகிட்டச் சொல்லிட்டேன்டி" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு லைனை எடுத்தாள். அதற்குப் பிறகு உன் பேரை அப்படி எடுக்கவில்லை.

சரி, உன் பேர் தெளிந்தது. என் லீவு? அது அப்படியே நின்றது. நீ செய்தது தப்பில்லை என்று தெரிந்துவிட்டால் எனக்கு வழி தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்து பிடித்துக்கொண்டது. தேனு இடுப்பிலிருந்த அந்தச் சேலை. லைன் கொடுக்கும்போதும் அதுதான், சோறு பிசையும்போதும் அதுதான்.

நேற்று அமாவாசை. காலை ட்யூட்டி முடிந்து நேராக மறுபடி உன் வீட்டுக்குத்தான் போனேன். ஏன் போகிறேன் என்று தெரியாமலே போனேன். தெருவே அமைதியாகக் கிடந்தது. தறிக்கு ஓய்வு. குழியைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். தேனுவை அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். பாதி வழியில் சடக்கென்று நின்றுவிட்டாள். அந்தச் சேலை எட்டுகிற இடம் அது. இடுப்பில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் நின்றாள். திரும்பிக் கம்பத்தைப் பார்த்தாள். யாரும் இழுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த அடியை எடுத்து வைத்தாள். அப்புறம் ஒரே ஓட்டம். வாசல், தெரு, எதிர்வீட்டு ஆடு, திரும்பி என் முழங்கால். உன் மாமியார், "ஆயாவால ஓட முடியலியே, இவளப் புடிக்க ஆளு வோணுமே" என்று பின்னாலேயே ஓடினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன்னை எரித்த அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லை.

அம்சா, நீ எடுக்க வேண்டிய மூன்று மாசம் என்ன ஆயிற்று? ஆபீசைக் கேட்டால், ஆளே இல்லை, லீவு ஏது என்பார்கள். ஆனால் அது இவளுக்கு வர வேண்டியதுதானே. வெளியே வந்த பிறகு என்னைத் தேடும், அப்போது லீவு வேண்டும் என்று நீ வாய்விட்டுச் சொன்னாயே. இவள் வெளியே வந்து தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

உன் மாமியார் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "அத்தை, எனுக்குக் கொழந்த பொறந்து நான் வூட்ல இருக்கறப்ப, தேனுவ எங்கிட்ட வுடறீங்களா? பொழுது விடிஞ்சா இவரு வந்து இட்டுக்கினு வருவாரு. சாயங்காலம் தறி நின்னதும் கொண்டாந்து வுட்டுடறோம்."

"உனுக்கே பச்சைக் கொழந்த இருக்கும். ரெண்ட எப்படிம்மா பாத்துக்குவ?"

"எங்கம்மா இங்கயே வந்துடும். நான் கூரம் போவல. ரெண்டு பேரு இருக்கோம்."

ஏகாம்பரம் வாசலில் உட்கார்ந்து ஜரிகைக் கட்டை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் கை இப்படி எதையாவது தேடும். தலையை நிமிர்த்தாமல், "அவ இருந்திருந்தா அதான செஞ்சிருப்பா. வுடும்மா" என்றார். உன் மாமியார் என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். நாடா பிடித்துக் காய்த்துப்போன கை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். ஆறு மாசம், அதில் மூன்று மாசம் சம்பளம் இல்லை, ட்ரெயினிங்கும் போனாலும் போகும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். இப்போது மட்டும் "உன் இஷ்டம்" என்று சொல்லட்டும், தட்டைப் பிடுங்கிவிடலாம் என்று காத்திருந்தேன். ரசத்தைக் குடித்து முடித்தார். "தேனு தொட்டில்ல தூங்குமா, இல்ல பாயே போதுமா?" என்றார். வளர்ந்த பிள்ளை, பாய் போதும் என்றேன். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்.

இன்றைக்குக் காலையில் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"முடிவு பண்ணிட்டியாம்மா? அந்த லீவு..."

"பிரசவ லீவு சார். டாக்டர் சொன்ன தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிச்சிடறேன். மொத்தம் ஆறு மாசம்."

"ஆறா?" கண்ணாடியைக் கழற்றினார். "மூணுக்கு மேல சம்பளம் வராதும்மா. தையில மெட்ராஸ் ட்ரெயினிங் வேற இருக்கு. உன் பேரைத்தான் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அது எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் ஆறு மாசம்?"

"மூணு மாசம் என்னுது சார். மீதி மூணு மாசம் அம்சா எடுக்காம வுட்டது."

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை அம்சா. இந்தத் தடவை உன் நாற்காலியைப் பார்த்தார். புதுப்பெண் மேல் வரிசைக்கு எட்டிக் கார்டைச் செருகிக்கொண்டிருந்தாள். கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எழுதிக் குடும்மா" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். நிம்மதி வந்துவிட்டதா என்றால், எங்கே? அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்து என்னை அதட்டும்போது வயிறு எரியாதா? எரியும். நாளைக்கு எனக்கே உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்? உன் மூன்று மாசம் முடிந்து நான் போர்டுக்குத் திரும்பும்போது தேனு என்ன ஆவாள், என் பிள்ளை என்ன ஆகும்? இதோ, எழுதும்போதே மறுபடி எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் முழுசாகத் தள்ளிவிட்டு வந்தேன். அது ஒன்றுதான் இப்போதைக்கு முடிவான காரியம்.

நீ எனக்கு ஆறு மாசம் இளையவள். "என் புள்ளைக்கு நீ சித்தின்னு சின்னவளாட்டம் நடிக்காத, பெரியம்மாதான்" என்று சண்டை பிடித்தாயே. பெரியம்மாவாகவே இருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள். உன்னுடைய அந்த மூன்று மாசத்தில் ஒரு நாள்கூடத் தறி ஓடுகிற நேரத்தில் உன் மகள் இடுப்பில் சேலை இருக்காது. பழக்கத்தில் பாதி வழியில் நின்று அவள் திரும்பிப் பார்ப்பாள். பார்க்கும்போதெல்லாம் நான் அங்கே இருப்பேன். "போ கண்ணு, போ" என்று சொல்வேன்.

தேன்மொழியின் பெரியம்மா,
கஸ்தூரி